ஒரு கட்டு பீடிக்குள் எத்தனை பொருளாதாரம்

திருநெல்வேலி வட்டாரத்தில் முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் மத்தியான நேரத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும், திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். நனைத்த இலையைத் தகட்டு அளவுக்கு வெட்டி, ஒரு சிட்டிகை தூள் வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூலால் ஒரு சுற்று. 25 பீடி சேர்ந்தால் ஒரு கட்டு. கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால் எண்ணிப் பார்ப்பார்கள், சரியில்லாததைக் கழித்துப் போடுவார்கள், மறுபடி இலையும் தூளும் நிறுத்துத் தருவார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு.

முதலாளித்துவம் என்றால் என்ன, கம்யூனிசம் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு இந்தத் திண்ணையைக் காட்டுவதுதான் சுலபம். அமெரிக்கா, ரஷ்யா என்று ஆரம்பித்தால் அடுத்த நிமிடமே பேச்சு யார் யோக்கியன், யார் அயோக்கியன் என்ற சண்டையில் போய் நிற்கும். திண்ணையில் ஆரம்பித்தால், கேட்க வேண்டிய முதல் கேள்வி தானாக வந்துவிடும்: இங்கே எது யாருடையது?

கத்தரி அந்த அக்காவுடையது. முறமும் அவருடையதுதான். திண்ணை, லைட்டுக்கு ஆகும் கரண்ட், பத்து விரல், முதுகு வலி எல்லாமே அவருடையவை. இலை கம்பெனியுடையது. தூளும் லேபிளும் கம்பெனியுடையவை. சுற்றி முடித்த பீடியும் அவர் கையைவிட்டுப் போய்விடும். லேபிள் இல்லாமல் அதே பீடியை அவர் வெளியே விற்க வழியில்லை. வேலை நடப்பது அவர் வீட்டில், தொழில் வேறு ஒருவருடையது. நிறுத்துக் கொடுத்த இலை பத்தாமல் போனால் கைக்காசு போட்டு இலை வாங்கிக் கணக்கை நேராக்குவதும் உண்டு. அப்போதும் பீடி கம்பெனிக்குத்தான்.

பாடப் புத்தகம் ‘உற்பத்திச் சாதனங்கள்’ என்று சொல்வது இந்த இலை, தூள் வகையறாவைத்தான். நிலம், ஆலை, மெஷின், மூலப்பொருள், இதையெல்லாம் வாங்கிப்போடத் தேவையான பணம் எல்லாம் அதில் அடக்கம். முதலாளித்துவத்தில் இவை தனியார் கையில் இருக்கும். கையில் எதுவும் இல்லாதவர் தன் உழைப்பைக் கூலிக்கு விற்பார். கம்யூனிசம் சொல்வது, இவை யாருக்கும் தனிச்சொத்தாக இருக்கக்கூடாது, சமூகத்துக்கே பொதுவாக இருக்கவேண்டும் என்று.

இரண்டாவது கேள்வி ஒன்று இருக்கிறது. எதைச் செய்வது, எவ்வளவு செய்வது, என்ன விலைக்கு விற்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? முதலாளித்துவத்தில் அதைச் சந்தை பார்த்துக்கொள்கிறது. சோவியத் பாணிக் கம்யூனிஸ்ட் நாடுகளில் ஓர் அலுவலகம் உட்கார்ந்து திட்டம் போட்டது. இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிடாமல் தனித்தனியாக வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் வழக்கமாக வரும் ஒரு சந்தேகத்தைப் பார்த்துவிடலாம். ஆடு வளர்க்கும் வீட்டுப் பையன் கேட்பான்: “அப்போ கம்யூனிசம் வந்தா எங்க வீட்டு ஆட்டையும் பத்திட்டுப் போயிருவாங்களா சார்?” கொள்கைப்படி இல்லை. கம்யூனிசக் கொள்கையை வகுத்த கார்ல் மார்க்ஸ் கேள்வி கேட்டது அடுத்தவர் உழைப்பைக் கொண்டு லாபம் பார்க்க உதவும் சொத்தைப் பற்றி. நீங்கள் குடியிருக்கும் வீடு, கட்டியிருக்கும் வேட்டி, வளர்க்கும் ஆடு அந்தக் கணக்கில் வராது. நடந்தது வேறு. 1929-லிருந்து சோவியத் கிராமங்களில் கூட்டுப்பண்ணை கட்டாயமானபோது மாடும் குதிரையும் சேர்த்தே கேட்டார்கள். கொடுப்பதைவிட அறுத்துத் தின்பது மேல் என்று விவசாயிகள் கால்நடைகளைக் கூட்டம் கூட்டமாக வெட்டினார்கள். அந்த இழப்பைச் சரிக்கட்டப் பல வருடங்கள் ஆயின. ஆக, ஆட்டுக்காரப் பையனின் பயம் ஒன்றும் முட்டாள்தனமான பயம் இல்லை.

வியாபாரம் வேறு

கொற்கையில் முத்து எடுத்துக் கடல் தாண்டி விற்ற காலத்திலேயே நம் பக்கம் வியாபாரம் உண்டு. அதற்காகப் பாண்டிய நாட்டில் முதலாளித்துவம் இருந்தது என்று சொல்லமுடியாது. ஒரு இடத்தில் மலிவாக வாங்கி இன்னொரு இடத்தில் கூடுதல் விலைக்கு விற்பது உலகம் பூராவும் பழங்காலத்திலிருந்தே இருக்கிறது. உழைப்பே சந்தையில் விலைபோகும் சரக்காகி, வந்த லாபத்தைத் திரும்பவும் தொழிலில் போட்டே தீரவேண்டும், போடாதவன் போட்டியில் காணாமல் போவான் என்ற நிலை வரும்போதுதான் முதலாளித்துவம் என்கிறோம்.

அது தாமிரபரணிக்கு வந்து சேர்ந்தது 1880-களில். ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் ஆற்றுத் தண்ணீரின் வேகத்தை வைத்து நூற்பாலை ஓட்டினார்கள். அதுவரை கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகங்கள்தான் ஊரின் காலக்கணக்கு. நடவு, அறுப்பு என்றால் ராத்திரி பகல் பார்க்கமாட்டார்கள், மற்ற நாளில் வேலையே இருக்காது. ஆலை வந்தபிறகு சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே. பயிர் இல்லாத காலத்திலும் கூலி உண்டு என்பது பெரிய விஷயம். சங்குக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் கேட் மூடிவிடும் என்பதும் அதோடு சேர்ந்தே வந்தது.

தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது, 1986-ல்தான் பிரிந்தது. முதலாளித்துவத்தின் இரண்டு முகத்தையும் ஒரே மனிதர் மூலமாகப் பார்க்கவேண்டும் என்றால் வ.உ.சிதம்பரம் பிள்ளையைப் பார்க்கலாம். 1906-ல் அவர் ஆரம்பித்த சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பக்காவான பங்குக் கம்பெனி: மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தனி ஒருவரிடம் இல்லாத பணத்தைப் பல பேரிடம் சிறிது சிறிதாகத் திரட்டி ஒரு கப்பலே வாங்கிவிடலாம் என்பது முதலாளித்துவம் கண்டுபிடித்த ஆகப்பெரிய உபாயங்களில் ஒன்று. போட்டிக் கப்பல் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா கொழும்புக்கான கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இனாமாக ஏற்றிக்கொண்டு கூடவே குடையும் கொடுத்தது என்று நம்மூரில் சொல்வார்கள். பாடப்புத்தகப் போட்டியில் நல்ல சரக்கு ஜெயிக்கும். நிஜப் போட்டியில் நஷ்டத்தை அதிக நாள் தாங்கக்கூடியவன் ஜெயிப்பதும் உண்டு. எதிராளி ஒழிந்தபிறகு விலையை ஏற்றிக்கொள்ளலாம் அல்லவா.

அதே வ.உ.சி. 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். கூலி உயர்வு, வேலைநேரக் குறைப்பு, வார விடுமுறை ஆகியவைதான் கோரிக்கை. நிர்வாகம் இறங்கிவந்தது. மார்ச் 12-ல் அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியே கொதித்தது. ஒரு கையில் கம்பெனி, இன்னொரு கையில் தொழிலாளர் போராட்டம். அவருக்கு இதில் முரண்பாடு ஒன்றும் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். கட்சி கட்டிப் பேசும் நமக்குத்தான் அது முரண்பாடாகத் தெரிகிறது.

மிச்சம் யாருக்கு?

இரு தரப்புக்கும் அடிப்படையில் என்னதான் தகராறு? கணக்குப் போட்டால் புரியும். எண்கள் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டவை. ஒரு குறிப்பிட்ட அளவு பீடி 1000 ரூபாய்க்கு விலைபோகிறது. இலை, தூள், நூல், லேபிள், லாரி வாடகை எல்லாம் சேர்த்து 600. சுற்றியவருக்குக் கூலி 250. மிச்சம் 150. இந்த 150 யாருக்குச் சேரவேண்டும்?

முதலாளித்துவத்தை ஆதரிப்பவர் சொல்வார்: பணத்தைப் போட்டவர் அவர். சரக்கு விற்காமல் மழையில் நனைந்து நாறினால் நஷ்டம் அவருக்கு. சுற்றியவருக்குக் கூலி ஏற்கெனவே போய்விட்டது. எந்த ஊரில் எந்த பிராண்ட் ஓடும் என்று கண்டுபிடித்து ஆளைச் சேர்த்ததும் அவர்தான். அந்தத் துணிச்சலுக்கும் ஏற்பாட்டுக்கும் உள்ள பலன் 150. அது கிடைக்காது என்றால் யாரும் பணத்தைத் தொழிலில் போடமாட்டார்கள், நகையாக வாங்கிப் பெட்டியில் பூட்டிவைப்பார்கள்.

மார்க்ஸ் சொல்வார்: 600 ரூபாய்ப் பொருள் 600 ரூபாயாகத்தான் பீடிக்குள் போனது. அது தானாகக் குட்டி போடாது. புதிதாக உண்டான 400 ரூபாய் மதிப்பு முழுவதும் உழைப்பால் வந்தது. அதில் 250-ஐ மட்டும் கொடுத்துவிட்டு மீதி 150-ஐ எடுத்துக்கொள்ளமுடிகிறது என்றால், அதற்குக் காரணம் இலையும் லேபிளும் முதலாளியிடம் இருப்பதுதான். மார்க்ஸ் இதற்கு உபரி மதிப்பு என்று பெயர் வைத்தார். 1867-ல் வெளிவந்த அவருடைய ‘மூலதனம்’ புத்தகத்தின் முதல் பாகம் பெரும்பாலும் இந்த 150-ன் கதைதான். கவனியுங்கள், முதலாளி ஏமாற்றுகிறார், எடை குறைக்கிறார் என்பது அவர் வாதம் இல்லை. பேசிய கூலியைப் பைசா பாக்கியில்லாமல் கொடுத்தாலும் இது நடக்கும் என்பதே வாதம்.

உபரி மதிப்புக் கொள்கையை இன்றைய பொருளாதார வல்லுநர்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. ஒரு பொருளின் மதிப்பு உழைப்பிலிருந்து மட்டும் வருவதில்லை, வாங்குகிறவனின் தேவையையும் பொருளின் அருமையையும் பொறுத்தது என்பார்கள். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் மிச்சத்தை யார் எடுத்துக்கொள்வது என்பது யாருக்குப் பேரம் பேசும் பலம் அதிகம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்ற பகுதியை மறுக்க, திண்ணையில் உட்கார்ந்து பார்த்த யாராலும் முடியாது.

விலை பேசும், பணம் இருப்பவனிடம்

ஓணத்துக்கு முன்னால் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறீர்களா? செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். வெண்டை, கத்தரி, முருங்கை எல்லாம் எகிறும். கேரளாவில் எத்தனை வீட்டில் அவியல் வைப்பார்கள் என்று கீழப்பாவூர் விவசாயிக்கு யாரும் கடிதம் போடவில்லை. விலை ஏறியது, அவர் காயைப் பறித்தார். அடுத்த வருடம் ஓணத்தைக் கணக்குப் பண்ணி முன்கூட்டியே விதைத்தார். எங்கெங்கோ இருக்கும் லட்சக்கணக்கானவர்களின் தேவையை ஒரே எண்ணாகச் சுருக்கிக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் விலை. ஆஸ்திரியாவில் பிறந்த பொருளாதார அறிஞர் ஹயெக் 1945-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் சந்தைக்காக வைத்த முக்கிய வாதம் இது. இந்தத் தகவலை எந்த அலுவலகமும் தானாகத் திரட்டிவிட முடியாது என்றார் அவர்.

ஆனால் விலை எல்லோருடைய பேச்சையும் கேட்பதில்லை. பசி எவ்வளவு இருந்தாலும் கையில் காசு இல்லையென்றால் சந்தைக்கு அது தேவையாகவே படாது. 1876-ல் ஆரம்பித்த தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தபோதும் இந்தியாவிலிருந்து தானியக் கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. வைசிராய் லிட்டன் விலையில் அரசு தலையிடக்கூடாது என்ற கொள்கையில் பிடிவாதமாக இருந்தார். சந்தை தன் வேலையை ஒழுங்காகவே செய்தது; காசு இருக்கும் இடத்துக்குத் தானியத்தை அனுப்பியது.

திட்டம் போட்டவர்கள்

கம்யூனிச நாடு என்று நாம் சொல்லும் எந்த நாடும் தன்னிடம் கம்யூனிசம் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டதில்லை. சோவியத் ஒன்றியத்தின் முழுப்பெயரிலேயே சோஷலிசக் குடியரசுகள் என்றுதான் இருந்தது. மார்க்ஸ் வழியில் சோஷலிசம் நடுவழி நிலையம். ஆலையும் நிலமும் பொதுவாகிவிட்டன, ஆனால் கூலி, அரசு, போலீஸ் எல்லாம் இருக்கும். கம்யூனிசம் கடைசி ஸ்டேஷன். வர்க்கமும் இருக்காது, அரசும் உதிர்ந்துவிடும், அவரவர் இயன்றதைச் செய்து வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். அந்த ஸ்டேஷனில் இறங்கியவர் யாரும் இல்லை.

1917-ல் புரட்சி, 1921-ல் கோஸ்பிளான் என்னும் திட்டக் கமிஷன், 1928-ல் முதல் ஐந்தாண்டுத் திட்டம். நிலக்கரி இவ்வளவு, எஃகு இவ்வளவு, பூட்ஸ் இவ்வளவு என்று மாஸ்கோவில் முடிவாகும். படிப்பறிவு பரவியது, பின்தங்கிய விவசாய நாடு 1957-ல் ஸ்புட்னிக்கையும் 1961-ல் ககாரினையும் விண்ணுக்கு அனுப்பியது. வேலை தேடி அலையும் பிரச்சினை ஏறக்குறைய இல்லாமல் போனது. 1929-க்குப் பிறகு முதலாளித்துவ உலகம் பெருமந்தத்தில் மாட்டி, அங்கே கோடிக்கணக்கானோர் வேலை இழந்து நின்ற நேரத்தில் சோவியத்தின் உற்பத்தி எண்களைப் பார்த்து உலகமே அசந்தது.

விலைக்குப் பதிலாக உத்தரவை வைத்தால் என்ன ஆகும் என்பதை ரொட்டி காட்டிக்கொடுத்தது. ரொட்டி விலையை அரசு வருடக்கணக்கில் ஏற்றவே இல்லை. மாட்டுத் தீவனத்தைவிட ரொட்டி மலிவாகிப்போக, கிராமத்தில் பன்றிக்கும் மாட்டுக்கும் ரொட்டியைப் போட்டார்கள். இறைச்சிக் கதை இன்னும் மோசம். 1962 ஜூன் 1-ல் இறைச்சி, வெண்ணெய் விலையை ஏற்றினார்கள். நோவோசெர்காஸ்க் என்ற ஊரில் ரயில் எஞ்சின் ஆலைத் தொழிலாளர்கள், அங்கே கூலியும் குறைக்கப்பட்டிருந்ததால், வேலையை நிறுத்தி ஊர்வலம் போனார்கள். மறுநாள் துப்பாக்கிச் சூட்டில் 26 பேர் செத்தார்கள். தொழிலாளர்களின் அரசு என்று பெயர் வைத்துக்கொண்ட அரசு அது. நடந்ததைப் பல ஆண்டுகள் வெளியே தெரியவிடாமல் அமுக்கியும் வைத்தது. அதன்பிறகு விலையைத் தொடவே பயம். விலை ஏறாது, சரக்கும் இருக்காது, க்யூ மட்டும் இருக்கும்.

பஞ்சமும் வந்தது. 1932-33-ல் உக்ரைனிலும் கசகஸ்தானிலும் மகசூல் விழுந்தபிறகும் கொள்முதல் இலக்கைக் குறைக்காமல் தானியத்தை வாரிக்கொண்டு போனார்கள்; லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். 1959-61 சீனாவில் ஒவ்வொரு மட்ட அதிகாரியும் மேலிடத்தைக் குளிரவைக்க விளைச்சலைக் கூட்டிக் கூட்டிச் சொன்னார். அந்தப் பொய்க்கணக்கை வைத்து அரசு கொள்முதல் செய்தது. ஊரில் சாப்பிட மிச்சமில்லை. அங்கே செத்தவர்கள் கோடிக்கணக்கில்.

தாது வருஷத்தையும் இதையும் சேர்த்துப் பார்க்கிறேன். லிட்டனுக்குச் சந்தையைத் தொடக்கூடாது. ஸ்டாலினுக்கும் மாவோவுக்கும் இலக்கைத் தொடக்கூடாது. சாகிறவன் சத்தம் மேலே போய்ச் சேர இரண்டிலுமே வழி இல்லை. பத்திரிகையும் ஓட்டும் சங்கமும் பொருளாதார அமைப்பின் பகுதி இல்லை என்று புத்தகம் பிரித்து வைத்திருக்கிறது. எனக்கு அந்தப் பிரிப்பில் நம்பிக்கை இல்லை.

கட்டத்துக்குள் அடங்காதவை

இரண்டு கேள்விகளையும் தனியாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். உடைமை தனியாரா பொதுவா என்பது ஒன்று. முடிவு எடுப்பது சந்தையா திட்டமா என்பது இன்னொன்று. சேர்த்தால் நாலு கட்டம் வரும். தனியார் உடைமை, சந்தை முடிவு: வழக்கமான முதலாளித்துவம். அரசு உடைமை, திட்டம்: சோவியத். மற்ற இரண்டு கட்டங்களிலும் ஆள் உண்டு.

உடைமை தனியாரிடம், முடிவு அரசிடம். 1991-க்கு முந்தைய இந்தியா பெருமளவு இதுதான். ஆலை தனியாருடையது; எவ்வளவு செய்யலாம் என்பதற்கு டெல்லியில் லைசென்ஸ் வாங்கவேண்டும். மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் தருவதாகப் பேசிமுடித்தவர்கள் புக் பண்ணிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தது அந்தக் காலத்தில்தான்.

உடைமை உழைப்பவரிடம், விற்பனை சந்தையில். இதற்கும் பீடியே உதாரணம். 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. கேரள அரசு அதை அமல்படுத்தப் போனபோது, செலவு கட்டுப்படியாகாது என்று மங்களூர் கம்பெனிகள் கண்ணூரில் இருந்த பட்டறைகளை மூடிவிட்டுப் போயின. வேலையிழந்தவர்கள் 1969-ல் சேர்ந்து கேரள தினேஷ் பீடி என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். பங்குப் பணத்துக்கு அரசு கடன் கொடுத்தது. பீடி சுற்றியவர்களே பங்குதாரர்கள். தனியார் கம்பெனியில் கேள்விப்படாத போனஸ், விடுமுறை, மதியச் சாப்பாடு அங்கே கிடைத்தன. முதலாளி இல்லாமல் தொழில் நடக்குமா என்ற கேள்விக்கு நடக்கும் என்று காட்டினார்கள். பீடி குடிப்பவர் எண்ணிக்கை குறைய ஆரம்பித்ததும், வேறு எந்தக் கம்பெனியையும் போல அவர்களும் ஆட்டம் கண்டு, குடை, உணவுப்பொருள், ஆயத்த ஆடை என்று தொழிலை மாற்றவேண்டி வந்தது. முதலாளி இல்லாவிட்டாலும் சந்தை விடாது.

சீனா 1978-ல் தாண்டிய வேலியும் இந்தப் பக்கம்தான். அன்ஹுய் மாகாணத்து சியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள் ராத்திரி கூடி, பொது நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வது என்று ரகசியமாக எழுதிக் கைநாட்டு வைத்தார்கள். மாட்டிக்கொண்டு ஜெயிலுக்குப் போனவர் பிள்ளைகளை மற்றவர்கள் வளர்ப்பது என்பதும் அதில் ஒரு ஷரத்து. அரசுக்கு இவ்வளவு என்று அளந்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், விளைச்சல் பாய்ந்தது. நம்மூர்க்காரருக்கு இது புரிய நேரமாகாது. அறுப்பில் பங்கு கேட்கும் வாரத்துக்கும், இத்தனை கோட்டை நெல் அளந்துவிட்டால் மீதி உன்னுடையது என்னும் கட்டுக்குத்தகைக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. சீனாவில் நிலம் ஊர்ப் பொது, அளந்து வாங்குவது அரசு. அப்போதைய சீனத் தலைவர் தெங் சியாவ்பிங் அதை நாடு முழுக்க அனுமதித்தார். இன்றும் அங்கே விவசாய நிலம் தனியாருக்குச் சொந்தமில்லை, ஆட்சியில் இருப்பது கம்யூனிஸ்ட் கட்சி, தெருவில் நடப்பது படு மும்முரமான முதலாளித்துவம்.

நம் பக்கமும் எந்தக் கட்டமும் சுத்தமாக இல்லை. பீடிக்கு வரும் இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் பறிப்பது. மத்தியப் பிரதேசம் 1964-லேயே அந்த இலை வியாபாரத்தை அரசு ஏகபோகமாக்கிவிட்டது. தூள் தனியார் சந்தையில் வாங்குவது. கம்பெனி தனியாருடையது. கூலிக்கு அரசின் குறைந்தபட்சக் கூலி அறிவிப்பு அளவுகோல். அந்தக் கூலியை வாங்கிக்கொண்டு அக்கா 2011-லிருந்து இலவசமாகத் தரும் ரேஷன் அரிசியையும், பக்கத்துப் பலசரக்குக் கடையில் பொன்னி அரிசியையும் சேர்த்து வாங்குவார். கூடங்குளம் அணு உலைக்கு 1988-ல் ராஜீவ் காந்தியோடு ஒப்பந்தம் போட்ட சோவியத் தலைவர் கோர்பசேவின் நாடே 1991-ல் இல்லாமல் போனது; உலை 2013-ல் கரண்ட் கொடுக்க ஆரம்பித்தபோது எதிரே ரஷ்யா இருந்தது. அந்த அரசு உலையைச் சுற்றிப் பணகுடி, ராதாபுரம் பக்கமெல்லாம் சுழல்வது தனியார் காற்றாலைகள்.

மாஞ்சோலை

இதையெல்லாம் படித்துவிட்டுக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து மலையேறினால், இரண்டு கொள்கையும் பதில் வைத்திருக்காத ஓர் இடம் வரும்: மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் காட்டை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டது. ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு நிலம் அரசுக்கு வந்தது, குத்தகை அப்படியே தொடர்ந்தது. நிலம் அரசுடையது, தேயிலை கம்பெனியுடையது, லயன் என்னும் கம்பெனி வரிசை வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்த தொழிலாளிக்கு வேலை மட்டும். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 1999 ஜூலை 23-ல் கூலி உயர்வும் கைதானவர்கள் விடுதலையும் கேட்டுத் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தவர்கள் மேல் போலீஸ் தடியடி நடத்தியதில் 17 பேர் தாமிரபரணியில் செத்தார்கள். பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு. நோவோசெர்காஸ்க் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது கொக்கிரகுளம்தான்.

குத்தகை 2028-ல் முடிகிறது. 2024-லேயே கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்து ஆட்களை இறக்க ஆரம்பித்தது. அரசின் தேயிலைக் கழகமான டான்டீ எடுத்து நடத்தட்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். அதாவது தனியார் கட்டத்திலிருந்து அரசு கட்டத்துக்கு மாற்றச் சொன்னார்கள். ஆனால் சுற்றிலும் 1988-ல் அறிவித்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். தேயிலையை எடுத்துவிட்டுக் காட்டைக் காட்டிடமே விடவேண்டும் என்பது இன்னொரு தரப்பு, அதிலும் நியாயம் உண்டு. தாமிரபரணிக்குத் தண்ணீர் அந்த மலையிலிருந்துதான் வரவேண்டும். முதலாளித்துவக் கணக்கில் காடு விலை போடாத இனாம். சோவியத் கணக்கிலும் அப்படித்தான். பருத்தி இலக்குக்காக 1960-களிலிருந்து இரண்டு ஆறுகளைத் திருப்பிவிட்டு ஆரல் கடலையே வற்றவைத்தார்கள். ஆலை யாருடையது என்று நூறு வருடம் சண்டை போட்ட இரண்டு கட்சியும், ஆறு யாருடையது என்பதற்குக் கணக்கில் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.